வாரச் சாப்பாட்டிலிருந்து ஆலோசனை மையம் வரை

ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவுகள் வெளியான பிறகு வரும் நம் இதழில், நம் குழந்தைகளின் புகைப்படங்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. பெயர், ஊர், பெற்றோர் பெயர், வாங்கிய மதிப்பெண் எல்லாம் இருக்கும். நாலா ஊர்களிலும் இருக்கும் தாத்தா பாட்டிகள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேரன் பேத்தியின் படத்தைத் தேடிப் பார்த்து ஆனந்தப்படுகிறார்கள். அது நியாயமான சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கத்தில் படம் வராத குழந்தைகளும் நம் வீடுகளில் உண்டு. பரீட்சையில் தவறியவர்கள், நடுவில் படிப்பை நிறுத்தியவர்கள், அரியர் வைத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள், ஹாஸ்டல் அறையில் தனியாக மனம் நொந்து கிடப்பவர்கள். அப்படிப்பட்ட மாணவர்களுக்கு நம் முன்னோர் காலத்தில் என்ன ஆதரவு இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்பதைச் சரித்திர ரீதியாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத எனக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் 31 வருஷம் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பு முடிந்த பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, ‘ஒன்றுமில்லை டீச்சர்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்குள் எவ்வளவோ இருக்கும்.

ஊட்டுப்புரையும் கல்லூரியும்

நான் வசிப்பது ஸ்ரீவராகத்தில். ஸ்ரீ பத்மநாப ஸ்வாமி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம்தான். வராஹமூர்த்தி கோயிலும், அதை ஒட்டிய பரந்த குளமும் ஊருக்கு வெளியே இருக்கும் நம் அங்கத்தினர்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கோட்டை, கரமனை, வலியசாலை போலவே இங்கும் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஆங்கிலக் கல்வி ஸ்வாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கியது. 1834-ல் தொடங்கிய பள்ளி, 1836-ல் ராஜாவின் இலவசப் பள்ளி ஆயிற்று. ஆயில்யம் திருநாள் காலத்தில், 1866-ல், அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாக உயர்ந்தது. இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று நாம் சொல்வது அதைத்தான். 1937-ல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தை நிறுவினார். ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். அதுவே 1957-ல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது.

அந்த நாளில் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் அது தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. ஆகவே பட்டப் படிப்புக்காகச் சுசீந்திரம், பூதப்பாண்டி பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரம் வருவார்கள். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, மனதில் பயம். அப்படி வந்த ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு ராஜ்யத்தின் ஊட்டுப்புரைகளும், வீடுகளில் வாரச் சாப்பாடும் துணை நின்றன.

வாரச் சாப்பாடு என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. ஏழை மாணவன் ஒருவனுக்குத் திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டில் என்று ஏழு நாளைக்கு ஏழு வீடுகளில் சாப்பாடு. என் பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்த பையனை ‘வியாழக்கிழமைப் பிள்ளை’ என்றுதான் சொல்லுவாள். அவன் பெயர் அவளுக்குக் கடைசிவரை சரியாக நினைவில்லை. ஆனால் அவனுக்குப் புளிக்குழம்பு பிடிக்கும், பாகற்காய் பிடிக்காது என்பது நினைவிருந்தது. ஒரு வியாழக்கிழமை அவன் இரண்டாம் முறை சாதம் வேண்டாம் என்றானாம். பாட்டி மோரை ஊற்றிவிட்டு, ‘என்னடா, ஊர்லேர்ந்து கடுதாசி ஏதாவது வந்துதா?’ என்று கேட்டாளாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவன் அழுதுவிட்டான். தாத்தா பஸ் சார்ஜ் கொடுத்து அன்றே ஊருக்கு அனுப்பி வைத்தார்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. சாப்பாடு போட்டது தர்மம். அவன் சாப்பிடுகிற அழகைப் பார்த்து அவன் மனதைத் தெரிந்துகொண்டது அதைவிடப் பெரிய உபகாரம். ஏழு வீடுகள் இருந்ததால் ஏழு ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. இன்று நாம் மாணவர் ஆதரவு சேவை என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பழையதை எல்லாம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிறர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து சாப்பிட்ட கூச்சத்தை வாழ்நாள் முழுதும் மறக்காதவர்கள் உண்டு. பெண் குழந்தைகளுக்கு அந்த ஏற்பாடே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஆதரவு ஒரு சாராருக்கு மட்டுமே இருந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பேட்டையில் 1863-ல் பிறந்த டாக்டர் பல்பு, மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும், ஈழவர் என்ற காரணத்தால் திருவிதாங்கூரில் இடம் மறுக்கப்பட்டு, சென்னைக்குப் போய்ப் படித்தார். படித்து வந்த பிறகும் சொந்த ராஜ்யத்தில் உத்தியோகம் கிடைக்காமல் மைசூர் சர்க்காரில் சேவை செய்தார். நமக்கு ஊட்டுப்புரை திறந்திருந்த அதே ஊரில் அவருக்குக் கல்லூரியின் கதவே மூடியிருந்தது. இதையும் நாம் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

தனி மனிதரின் தயவு

நம்மவர் முன்னுக்கு வந்ததும் நம்மவர் உதவியால் மட்டும் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான ஸர் டி. முத்துஸ்வாமி ஐயர் 1832-ல் தஞ்சை ஜில்லாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கரிடம் வேலை பார்த்தார். அந்தச் சிறுவனின் புத்திக் கூர்மையைக் கவனித்துச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வழி செய்தவர் முத்துஸ்வாமி நாயக்கர் என்ற தாசில்தார். அவர் கவனிக்காமல் போயிருந்தால்? அந்தக் கால ஆதரவின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். யாராவது ஒருவர் கண்ணில் பட்டால் பிழைத்தான், படாவிட்டால் போனான்.

கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையே சாட்சி.

1905-ல் காணாமல் போன பிள்ளை

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். டவுன் ஹைஸ்கூலில் பரிசு பெற்று, 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷம் நம் இதழ் இருந்திருந்தால் அவர் படமும் அதில் வந்திருக்கும்.

கல்லூரியில் கணிதம் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றுபோனது. தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடம் போய்ச் சலுகை கேட்டும் பயனில்லை. விதி விதிதான். 1905-ல், பதினேழு வயது ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். செப்டம்பரில் ‘ஹிந்து’ பத்திரிகையில் காணாமல் போன பையன் என்று செய்தி வந்தது. பிற்காலத்தில் தபால் தலையில் இடம்பெறப் போகிற முகம் அன்று காணவில்லை விளம்பரத்துக்கு உரிய முகமாக இருந்தது.

வீடு திரும்பிய பிறகு 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் மீண்டும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறினார். அதன் பிறகு சில வருஷங்கள் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1910-ன் இறுதியில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து, மாதம் 25 ரூபாய் கொடுக்க முன்வந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது, அங்கே எஸ். நாராயண ஐயர் அவரைப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். 1913-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1905-ல் வளையாத விதி 1913-ல் வளைந்தது. இடையில் எட்டு வருஷம் போயிற்று. முப்பத்திரண்டு வயதில் மறைந்த ஒருவருக்கு எட்டு வருஷம் என்பது வாழ்நாளில் கால் பங்கு.

1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். உலக யுத்த காலம். சைவ உணவு கிடைப்பது கஷ்டம், தாமே சமைத்துக்கொண்டார். குளிர், தனிமை, வீட்டிலிருந்து கடிதம் வராத கவலை, பின்னர் உடல்நோய். அவருடைய கணிதத்தைப் புரிந்துகொள்ள ஹார்டி இருந்தார். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று அன்றாடம் பார்க்க ஒருவரும் இல்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். பேராசிரியர் ஹார்டி நேரில் போய்ப் போலீஸாரிடம் பேசியதால் அவர் வழக்கில்லாமல் விடப்பட்டார். அதே வருஷம்தான் அவர் ராயல் சொஸைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மிக உயர்ந்த கௌரவமும் மிக ஆழ்ந்த துயரமும் ஒரே மனிதரிடம், ஒரே வருஷத்தில் இருந்தன. ‘நம்ம பையன் நன்னாத்தான் படிக்கறான், அவனுக்கு என்ன குறை?’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தயவு ஏற்பாடாக மாறியது

ராமானுஜன் வீட்டை விட்டு ஓடிய அதே 1905-ல் சென்னை மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியது. ஸ்வாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலில் தொடங்கப்பட்ட அந்த இல்லம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவு, உறைவிடம், படிப்பு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தது. ஏழு வீடுகளுக்கு அலைய வேண்டியதில்லை. அது இன்றும் நடந்து வருகிறது.

பெண்கள் விஷயத்தில் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர் சகோதரி ஆர்.எஸ். சுப்புலக்ஷ்மி. 1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். தகப்பனார் அவரைப் படிக்க வைத்தார். 1911-ல் சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு வருஷமே பால்ய விதவைகளான பிராமணப் பெண்களுக்காக எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. 1897-ல் ஸ்வாமி விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம் அது. தாமும் விதவையான அவருடைய சித்தி இல்லத்தில் துணையாக இருந்தார்.

அந்தப் பெண்களுக்கு இருந்த கஷ்டம் சாப்பாட்டுக் கஷ்டம் மட்டும் அல்ல. எதிரே வந்தால் அபசகுனம் என்று ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள் அவர்கள். வீட்டு மூலையில் இருந்த ஒரு பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! சுப்புலக்ஷ்மி அம்மையார் அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தார். தாமே அதை அனுபவித்தவர் என்பதால் அவரிடம் அவர்கள் பேச முடிந்தது. அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளாகித் தம் காலில் நின்றார்கள். என்னைக் கேட்டால், நம் சமூகத்தில் மாணவர்களின் சொந்தத் துயரத்தை நேருக்கு நேர் பார்த்து அதற்காகவே ஏற்பட்ட முதல் ஸ்தாபனங்களில் ஒன்று அதுதான் என்பேன். 1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஊளம்பாறை என்னும் பயம்

இவ்வளவுக்கும் நடுவில், மனதுக்கு வைத்தியம் என்பதை நாம் தள்ளியே வைத்திருந்தோம். திருவனந்தபுரத்தில் கல்லூரி ஏற்பட்ட நாலு வருஷத்துக்குள், 1870-ல், மனநோய் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. அது இருக்கும் இடம் ஊளம்பாறை. கல்லூரியின் பெயரைப் பெருமையாகச் சொன்ன இதே ஊர், ஊளம்பாறை என்ற பெயரைக் கேலிக்கும் வசவுக்கும் உபயோகித்தது. ‘உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்பணும்’ என்று விளையாட்டாகச் சொல்லாத வீடு இங்கே குறைவு. கேட்கும் குழந்தைக்கு அது விளையாட்டாக இருக்காது. மனசு சரியில்லை என்று சொன்னால் எங்கே அனுப்புவார்கள் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அது வாயைத் திறக்காது. சென்னையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கீழ்ப்பாக்கம் என்று வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

உலகில் மற்ற இடங்களில் மாணவர்களின் மனநலத்தைக் கல்லூரியே கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1910-ல் இதற்கான ஏற்பாடு தொடங்கியதாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1970-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நைட்லைன் என்ற தொலைபேசி சேவை ஆரம்பித்தது. இரவில் தூக்கம் வராமல் தவிக்கும் மாணவனிடம் இன்னொரு மாணவன் பேசுவான், அதைவிட அதிகம் கேட்பான்.

நம் தேசத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-ல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு மாணவர் நலனைத் தனியாக எடுத்துப் பேசியது. 1964-66-ல் கோத்தாரி குழு இன்னும் தெளிவாகச் சொன்னது: மாணவர்களுக்கான ஆரோக்கியம், விடுதி, வழிகாட்டுதல், ஆலோசனை ஆகியவை வெறும் தர்ம காரியம் அல்ல, கல்வியின் பிரிக்க முடியாத அங்கம். எழுதிவைத்தது அருமையாக எழுதிவைத்தார்கள். நடைமுறைக்கு வரத்தான் நாளாயிற்று. என் பணிக்காலத்தில் பெரும்பகுதி, கல்லூரி ஆலோசகர் என்று தனியாக யாரையும் நான் பார்க்கவில்லை. பரிவுள்ள ஒரு டீச்சர், ஹாஸ்டல் மேட்ரன், சில சமயம் நூலகத்து அட்டெண்டர் அம்மாள், இவர்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள்.

விதி வளையத் தொடங்கிய கதை

சென்னையில் 1986-ல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் ‘ஸ்நேகா’ அமைப்பைத் தொடங்கினார். உயிரை விட நினைக்கும் அளவுக்கு மனம் உடைந்தவர்களிடம் பேசுவதே அதன் பணி. பரீட்சை முடிவு வரும் நாட்களில் அங்கே இளைஞர்களின் அழைப்புகள் பெருகும். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பள்ளி இறுதித் தேர்வில் தவறியவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் உடனடித் தேர்வு வந்தது. பார்க்கச் சிறிய மாற்றம்தான். ஆனால் ‘ஒரு வருஷம் போச்சு’ என்ற பயம் எத்தனை குழந்தைகளைக் கொன்றிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். 1905-ல் கும்பகோணத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று என் மனம் நினைத்துப் பார்க்கிறது.

அடுத்தது சட்டம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்த்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பார்வையை மாற்றியது. அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது சர்க்காரின் கடமை என்றது. ராமானுஜனுக்காக ஹார்டி போலீஸாரிடம் பேச நேர்ந்ததற்கும் இதற்கும் இடையே சரியாக நூறு வருஷம்.

கேரளத்தில் 2023 ஜனவரியில் வந்த ஓர் உத்தரவையும் சொல்ல வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாதவிலக்கு நாட்களைக் கருதி மாணவிகளுக்கு வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குப் பதில் 73 சதவீதம் இருந்தால் போதும் என்றும், 18 வயது நிரம்பியவர்களுக்கு 60 நாள் வரை பிரசவ விடுப்பு உண்டு என்றும் அரசு அறிவித்தது. நான் கற்பித்த காலத்தில் கல்யாணமாகி, கர்ப்பமாகி, வருகை குறைந்து, பரீட்சை எழுத முடியாமல் படிப்பையே விட்ட பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். கதவு திறப்பதற்கு அந்த இரண்டு சதவீதம் போதும்.

2025-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான காரியங்கள் செய்தது. மார்ச் மாதம், உயர்கல்வி நிலையங்களில் மாணவர் மனநலத்தை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஜூலை மாதம், கல்வி நிலையங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கை வைத்து மாணவர்களைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரிக்கக் கூடாது. பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் சில. இந்த வழக்குக்குக் காரணம், வெளி மாநிலத்திலிருந்து மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வந்த பதினேழு வயதுப் பெண்ணின் மரணம். அது நடந்த ஊர் விசாகப்பட்டினம். பதினேழு வயதில் ராமானுஜன் ஓடிப்போன அதே ஊர். அவரை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. இந்தப் பெண்ணை முடியவில்லை.

இன்று என்ன இருக்கிறது?

கேரளத்தில் 2013 முதல் ‘திஷா’ என்ற தொலைபேசி சேவை 1056 என்ற எண்ணில் இயங்கி வருகிறது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கியது. அதன் எண் 14416. இந்தியாவில் எந்த ஊரிலிருந்தும், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரள அரசுக் கல்லூரிகளில் ‘ஜீவனி’ திட்டத்தின் கீழ் உளவியல் படித்தவர்களை ஆலோசனைக்காக நியமிக்கிறார்கள். பெரிய தொழில்நுட்பக் கல்லூரிகள் பலவற்றில் ஆலோசனை மையம் உண்டு.

ஆலோசகரிடம் போனால் என்ன நடக்கும் என்ற பயம் நம் வீடுகளில் நிறைய. முதலில் அவர்கள் கேட்பார்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், வீட்டு நிலைமை, படிப்பு என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். சொன்னதை ரகசியமாக வைப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டுமே வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பார்கள். மருந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள். போனவர்கள் எல்லோருக்கும் மருந்து என்பது இல்லை. பலருக்குப் பேசுவதே பாதி வைத்தியம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பேரன் வெளி மாநிலத்தில் இன்ஜினீயரிங் படித்தான். ப்ளஸ் டூவில் அருமையான மார்க். இரண்டாம் வருஷத்தில் நாலு பேப்பர் அரியர். இரண்டு செமஸ்டர் வீட்டில் மூச்சு விடவில்லை. போனில் கேட்டால் ‘எல்லாம் ஓகே’ என்பான். அவனைக் கண்டுபிடித்தது பேராசிரியரும் அல்ல, பெற்றோரும் அல்ல. மெஸ்ஸில் பரிமாறும் ஒரு பெரியவர். ‘அந்தப் பையன் மூணு நாளா சாப்பிட வரலையே’ என்று அவர் வார்டனிடம் சொன்னார். வார்டன் அறைக் கதவைத் தட்டினார். அங்கிருந்து ஆலோசகர், பிறகு டாக்டர், பிறகு ஆறு மாதம் வீட்டில் ஓய்வு. ஒரு வருஷம் தாமதமாகப் படிப்பை முடித்தான். சாதம் வேண்டாம் என்றதை என் பாட்டி கவனித்தது போலத்தான் அந்தப் பெரியவரும் கவனித்தார். வித்தியாசம் என்னவென்றால், கவனித்த பிறகு அவனை ஒப்படைக்க இன்று ஓர் இடம் இருந்தது.

நாம் செய்யக்கூடியது

சரித்திரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்: கவனிக்கிற கண்ணும் வேண்டும், ஒப்படைக்கிற இடமும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று உதவாது. அந்தக் காலத்தில் கண் இருந்தது, இடம் இல்லை. இப்போது இடம் மெல்ல மெல்ல உண்டாகி வருகிறது; குழந்தைகளோ ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறார்கள், நம் கண்ணுக்கு எட்டுவதில்லை.

ஆகவே நம் சங்கத்தாரின் பரிசீலனைக்குச் சில யோசனைகள். கல்வி நிதியில் முதல் மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பது தொடரட்டும். அதோடு, தவறிய பாடத்தை மறுபடி எழுதுபவர்களுக்கும், உடல்நலமோ மனநலமோ காரணமாகப் படிப்பை நிறுத்தி மீண்டும் சேர்பவர்களுக்கும் கட்டண உதவியாக ஒரு பகுதியை ஒதுக்கலாம். பெயர் வெளியிட வேண்டாம். ஒவ்வொரு நகரக் கிளையிலும், வெளியூர் மாணவர்களை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைக்கச் சம்மதிக்கும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அவனுடன் அறையில் இருக்கும் நண்பன் எந்த ஜாதியானாலும், எந்த மதமானாலும் சேர்ந்து வரட்டும். பழைய வாரச் சாப்பாட்டில் இருந்த குறையை நாம் அப்படித்தான் சரி செய்ய முடியும்.

பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. போனில் முதல் கேள்வியாக மார்க்கைக் கேட்காதீர்கள். ‘சாப்டயா? ராத்திரி தூங்கினயா? யாரோட பேசிண்டிருக்கே?’ என்று கேளுங்கள். ‘எல்லாம் ஓகே’ என்ற பதில் இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே குரலில் வந்தால், ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். ஆலோசகரிடம் போனேன் என்று குழந்தை சொன்னால் பதற வேண்டாம். பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போவது போலத்தான் அதுவும். அந்த விஷயத்தை உறவினர் கல்யாண வீட்டில் பேச்சாக்க வேண்டாம்.

வெளியூரில் படிக்கும் நம் குழந்தைகள் இந்த இதழைப் படிக்க நேர்ந்தால், 14416 என்ற எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியிராது என்று நினைத்தாலும் பரவாயில்லை. பக்கத்து அறைப் பையனுக்கோ பெண்ணுக்கோ உதவும். பரீட்சையை மறுபடி எழுதலாம். எழுதிக்கொண்டே இருக்கலாம். வீட்டில் அதற்கு இடம் உண்டு.